நீள்வால் கோழிகளில் சேவல் எது, பெட்டை எது?

ஃபீனிக்ஸ், யோகோஹாமா போன்ற நீள்வால் இனங்களில் குஞ்சின் வால் நீண்டிருக்கிறது என்பதற்காகச் சேவல் என்று முடிவு கட்டாதீர்கள். பெட்டைக்கும் வால் கொஞ்சம் நீளமாகவே வரும். மூன்று மாத வாக்கில், வாலுக்குச் சற்று முன்னால், முதுகின் கடைசிப் பகுதி இறகுகளை விரலால் விலக்கிப் பாருங்கள். புதிதாக முளைப்பவை ஒல்லியாக, பளபளப்பாக, நுனி கூராக இருந்தால் சேவல். அகலமாக, நுனி உருண்டு இருந்தால் பெட்டை. கொண்டை சிவப்பதை வைத்தும் சொல்லலாம், ஆனால் நான் இறகைத்தான் நம்புவேன்.

இணை சேர்க்கும்போது பலரும் சேவலின் வாலை மட்டும் அளக்கிறார்கள். பெட்டையும் அந்தக் குணத்தைக் குஞ்சுக்குக் கடத்துகிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதனால் நல்ல வாலுள்ள சேவல்களோடு கூடப் பிறந்த பெட்டையாகத் தேடுங்கள். ஆனால் அதை அதன் அண்ணன் தம்பியோடு சேர்க்காதீர்கள்.

அப்புறம், ஜப்பானின் ஒனகடோரிச் சேவலுக்கு வால் இறகுகள் ஆண்டுதோறும் உதிராமல் வளர்ந்துகொண்டே போகும். ஃபீனிக்ஸுக்குப் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எனவே இறகு உதிரும் பருவத்தில் சேவலை மதிப்பிட வேண்டாம், முழுதாக முளைத்த பிறகு பாருங்கள். வால் தரையில் புரளாத உயரத்தில் பரண் இருக்கட்டும்.