சிறிய சபையில் மாற்றம் கொண்டுவருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் தமிழகத்தில் நாற்பது, ஐம்பது குடும்பங்களே உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபைகள் ஏராளம். சேகரம் எனப்படும் சபைத் தொகுதியின் ஆயர் பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால், அங்கே அன்றாடப் பொறுப்பு ஆயருக்கு உதவும் ஊழியரான உபதேசியாரிடமும் சபைப் பெரியவர்களிடமுமே இருக்கிறது. இத்தகைய சபைகளில் புதுமை வேண்டும் என்று விரும்புகிறவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சிறிய சபையில் ஒவ்வொரு வழக்கமும் யாரோ ஒருவருடையது என்பதை மறந்துவிடுகிறோம்.

முதல் தவறு, எதையாவது நீக்குவதிலிருந்து தொடங்குவது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வழிவழியாக வந்த கீர்த்தனைகளை எழுத்தறியாத பாட்டிமார்கள்கூட மனப்பாடமாகப் பாடுவார்கள். அந்த இடத்தில் திரையில் வரிகள் ஓடும் புதுப் பாடலை வைத்தால், இளைஞருக்குப் பாட்டு கிடைக்கிறது, பாட்டிக்கோ ஆராதனையில் இருந்த ஒரே குரல் போய்விடுகிறது. கைப்பிடி அரிசிக் காணிக்கையும் அப்படித்தான். பணமாகவே கொடுத்துவிடலாமே என்பது கணக்குக்குச் சரி. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனியே வைத்த பெண்ணுக்கு அது அன்றாட ஜெபமாக இருந்தது. ஆகவே ஒன்றை மாற்றுமுன், இதை யார் செய்கிறார், இது நின்றால் அவருக்குச் சபையில் வேறு என்ன பங்கு மிஞ்சும் என்று வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டும்.

வேதாகம மொழிபெயர்ப்பின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்புக்குப் பதிலாக 1950களில் ஒரு திருத்திய பதிப்பும், 1995-இல் கத்தோலிக்கருக்கும் மற்றத் திருச்சபையாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியமும் வந்தன. இவை கவனமான உழைப்பில் உருவானவை. இருந்தும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் பலவற்றில் இன்றும் பழையதே வாசிக்கப்படுகிறது, ஏனெனில் மரணப் படுக்கையில் நினைவுக்கு வரும் வசனம் அந்த நடையில்தான் வருகிறது. சிறிய சபையில் பழைய வாசகத்தை முதலில் வாசித்து, அதன் பின் எளிய வாசகத்தை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒருவர் வாசிக்கச் செய்தால், யாரிடமிருந்தும் எதையும் பறிக்காமலே பொருள் விளங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வழக்கம் யாருடையது என்று கேட்பதற்கு, எல்லா வழக்கத்தையும் காக்க வேண்டும் என்று பொருள் இல்லை. ஆராதனையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் முறையையும் ஒருகாலத்தில் பலர் மரபென்றே காத்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சைப் பகுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த முறையைப் பற்றி அதனால் ஒதுக்கப்பட்டவரைத்தான் கேட்டிருக்க வேண்டும், அதனால் பெருமை பெற்றவரை அல்ல. ஒருவரை அவமதிக்கும் வழக்கத்துக்குப் பொறுமையும் காலக்கெடுவும் தேவையில்லை.

அடுத்த தவறு, நகரத்துப் பெரிய சபையைப் பார்த்து அப்படியே செய்வது. ஐம்பது பேர் அமரும் கோயிலுக்குள் டிரம்ஸும் பெரிய ஒலிபெருக்கியும் வைத்தால், பாடகர் குழு பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாடுவது சிறிய சபைக்குக் கிடைத்த வரம், அதை நாமே இழக்கிறோம். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். வயலில் பாடிப் பழகிய குரல் கோயிலிலும் தயக்கமின்றி எழும் என்பதால், இத்தகைய புதுமைக்குக் கருவியோ செலவோ அதிகம் வேண்டியதில்லை.

வாக்கெடுப்பால் மாற்றத்தை முடிவு செய்வதும் ஆபத்தானது. இருபத்தைந்துக்கு இருபது என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறலாம், ஆனால் தோற்ற இருபது பேரும் உறவுக்காரர்கள், சபையார் கூடி உண்ணும் அடுத்த அசன விருந்தில் அதே பந்தியில் அமர வேண்டியவர்கள். மூன்று மாதம் செய்து பார்ப்போம், பிறகு கூடிப் பேசுவோம் என்று சொல்லி, சொன்ன நாளில் உண்மையாகவே கூடிப் பேசினால், எதிர்த்தவர்களே திருத்தம் சொல்லத் தொடங்குவார்கள்.

ஆயர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. எல்லாத் திட்டத்தையும் தாமே சுமந்தால், மாறுதல் உத்தரவு வரும் நாளில் திட்டமும் அவரோடு வண்டியேறிவிடும். தொடக்கத்திலேயே அதே ஊரில் வாழப்போகிற இருவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். அந்த இருவரும் வாலிபர் சங்கத்திலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. கீர்த்தனைகளை மனப்பாடமாக அறிந்த அந்தப் பாட்டியிடம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை அனுப்பி, ஒரு பாடலைக் கற்றுக்கொண்டுவந்து தங்கள் விருப்பப்படி தாளம் சேர்த்துப் பாடச் சொல்லலாம்.