‘ஆட்சேபி’ என்னும் வினையைக் கையாளும் முறை

வடமொழி ‘ஆக்ஷேப’த்திலிருந்து வந்த சொல். ‘க்ஷிப்’ என்ற வேருக்கு ‘எறி’ என்று பொருள். எதிராளியின் கூற்றின்மீது வீசும் தடை என்று கொள்ளலாம். ‘க்ஷ’ தமிழில் ‘ட்ச’ ஆனது.

பிழை பெரும்பாலும் வேற்றுமையில்தான் நேர்கிறது. தனி வினைக்கு ‘ஐ’ வேண்டும்: ‘தீர்மானத்தை ஆட்சேபிக்கிறேன்.’ ‘தெரிவி’ சேர்ந்தால் ‘கு’: ‘தீர்மானத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன்.’ இரண்டையும் கலந்து ‘தீர்மானத்துக்கு ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டும்.

‘மறு’ இதற்கு ஈடாகாது. மறுப்பவர் ஏற்கவே மாட்டார். ஆட்சேபிப்பவர் காரணத்தைச் சொல்லி, முடிவைப் பிறரிடம் விடவும் கூடும். ஆகவே காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘முன்னறிவிப்பு இல்லாததால் ஆட்சேபிக்கிறேன்.’

‘ஆட்சேபணை’, ‘ஆட்சேபனை’ இரண்டும் புழங்குகின்றன. மூலத்துக்கு நெருக்கம் ‘ணை’. வீட்டுப் பேச்சில் இந்தச் சொல் விறைப்பாக ஒலிக்கும். அங்கே ‘எனக்குச் சம்மதமில்லை’ போதும்.