பாஸ் போட்டுக்கு ஃபிஷ் ஃபைண்டரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த யூனிட் எடுக்கும்போது எதப் பாக்கணும்

எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தன இன்ச் வாங்கலாம்"னு தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணணும், அந்த ஸ்க்ரீன போட்ல எங்க இருந்து பாக்கப் போறீங்க? பாஸ் போட்ல (பாஸ்ங்கற நன்னீர் மீன தூண்டில்ல புடிக்கறதுக்கான போட்) ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு ஓட்டுற சீட்டுக்கு முன்னாடி இருக்கற கன்சோல். இன்னொண்ணு முன்பக்க மேடை, அங்க தான் நின்னுக்கிட்டு ட்ரோலிங் மோட்டார (போட்ட மெதுவா நகத்தற சின்ன மின்சார மோட்டார்) கால்ல மிதிச்சுக்கிட்டே தூண்டில் வீசுவோம். கன்சோல் யூனிட்டோட வேலை மீன் இருக்கற இடத்த தேடுறது, முன்பக்க யூனிட்டோட வேலை அந்த இடத்து மேல போட்ட சரியா நிறுத்தி புடிக்க உதவுறது. ரெண்டுக்கும் வேண்டிய வசதி வேற வேற, அதனால இனிமே சொல்றதெல்லாம் இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

சோனாரும் (சத்தத்த அனுப்பி தண்ணிக்குள்ள இருக்கறத காட்டறது, அதாவது ஃபிஷ் ஃபைண்டர்) ஜிபிஎஸ்ஸும் ஒரே டப்பால இருக்கறதுல என்ன பெரிய லாபம்னா, பாத்தத உடனே இடத்தோட குறிச்சுக்க முடியும். மெதுவா ஓட்டிக்கிட்டு போறீங்க, சைடு இமேஜிங்ல (போட்டோட ரெண்டு பக்கமும் படமா காட்டற சோனார்) வலது பக்கம் 60 அடி தள்ளி ஒரு மரக்குவியல் தெரியுது, ஸ்க்ரீன்ல கர்சர அது மேல வச்சு வேபாயிண்ட் (மேப்ல இடத்த குறிச்சு வைக்கற புள்ளி) அமுக்கினா போதும், போட் இருக்கற இடத்த இல்ல, அந்த மரக்குவியல் இருக்கற இடத்தையே கணக்குப் போட்டு மேப்ல வச்சுடும். தாண்டிப் போயிட்டா கூட படத்த பின்னாடி தள்ளிப் பாத்து குறிக்கலாம். பாஸ் மீன் பெரும்பாலும் சரிவு, அடிமரம், பாறை, பாசி ஓரம்னு ஏதாவது ஒண்ண ஒட்டித் தான் நிக்கும், அதனால அந்த இடத்துக்கு மறுபடி போய் நிக்க முடியறது தான் பாதி மீன்பிடிப்பு.

சரி, ஸ்க்ரீன விட முக்கியம் ட்ரான்ஸ்டியூசர். தண்ணிக்குள்ள சத்தத்த அனுப்பி திரும்ப வாங்கறது அது தான், அது அனுப்பாத தகவல எவ்வளவு பெரிய ஸ்க்ரீனும் காட்டாது. சாதாரண 2டி சோனார்ல 200 கிலோஹெர்ட்ஸ் கூம்பு ஏறக்குறைய 20 டிகிரி, அதாவது 20 அடி ஆழத்துல தரையில சுமார் 7 அடி வட்டத்த தான் பாக்குது. 83 கிலோஹெர்ட்ஸ்ல 60 டிகிரி கிட்ட விரியும், அதே 20 அடி ஆழத்துல 23 அடி வட்டம். அகலமா பாத்தா மீன் நெறைய தெரியும், ஆனா அது போட்டுக்கு நேர் கீழ இருக்கா ஓரத்துல இருக்கான்னு தெரியாது. 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கானது, அதுக்காக காசு குடுக்காதீங்க. சிர்ப் (CHIRP) சோனார் கட்டாயம் இருக்கணும், ஒரே அலைவரிசைல அனுப்பாம ஒரு வரம்பு முழுக்க வருடி அனுப்பறதால தரையோட ஒட்டி நிக்கற மீனையும் பக்கத்துல பக்கத்துல நிக்கற ரெண்டு மீனையும் பிரிச்சுக் காட்டும்.

புதுசா பாக்கறவங்க வில் மாதிரி வளைவு வந்தா தான் மீன்னு நினைக்கறாங்க. மீன் கூம்போட ஓரத்துல நுழையும்போது தூரம் ஜாஸ்தி, நடுவுல வரும்போது கம்மி, வெளிய போகும்போது மறுபடி ஜாஸ்தி, அதனால தான் அந்த வளைவு. போட்டும் மீனும் அசையாம நின்னா அதே மீன் நீள கோடா தான் வரும். முன்பக்கத்துல ஸ்பாட் லாக் (ஜிபிஎஸ்ஸ வச்சு ட்ரோலிங் மோட்டார் போட்ட ஒரே இடத்துல நிறுத்தற வசதி) போட்டு நிக்கும்போது இது தெரிஞ்சிருக்கணும்.

இமேஜிங் பத்தி பேசணும்னா, 455, 800 கிலோஹெர்ட்ஸ் ரெண்டும் பொதுவா கிடைக்கும், ஹம்மின்பேர்ட் கம்பெனியோட மெகா 1.2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும். அலைவரிசை ஏற ஏற படம் தெளிவாகும், எட்டற தூரம் குறையும், அவ்வளவு தான் கணக்கு. டவுன் இமேஜிங்ல (போட்டுக்கு நேர் கீழ காட்டறது) மரம் மரமாவே தெரியும், மீன் சின்னச் சின்ன புள்ளியா தெரியும். சைடு இமேஜிங்ல என் கண்ணு முதல்ல போறது நிழலுக்கு. தரையில ஏதாவது எழும்பி நின்னா அதுக்குப் பின்னாடி சத்தம் போகாது, அங்க கருப்பா ஒரு நிழல் விழும், நிழல் நீளமா இருந்தா அந்தப் பொருள் உயரமா இருக்குன்னு அர்த்தம். மணிக்கு 4, 5 மைல் வேகத்துல நேரா ஓட்டினா தான் படம் நல்லா வரும், திருப்பத்துல படம் இழுத்துக்கிட்டுப் போயிடும். கன்சோல் யூனிட்டுக்கு சைடு இமேஜிங் இல்லாம எடுக்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், முன்பக்கத்துக்கு அது இல்லாட்டியும் ஓடும்.

முன்பக்கத்துக்கு இப்ப எல்லாரும் கேக்கறது லைவ் சோனார். கார்மின் பனாப்டிக்ஸ் லைவ்ஸ்கோப் 2018ல வந்துச்சு, அப்புறம் லோரன்ஸ் ஆக்டிவ் டார்கெட், ஹம்மின்பேர்ட் மெகா லைவ். மீன் நீந்துறதையும் நம்ம லூர் (போலி இரை) இறங்கறதையும் அப்பவே பாக்கலாம், நிஜமாவே மீன்பிடிப்ப மாத்தின விஷயம். ஆனா அதுக்கு தனி ட்ரான்ஸ்டியூசர் வேணும், மாடலப் பொறுத்து தனி பெட்டியும் வேணும், ஒரு கம்பெனியோடது இன்னொரு கம்பெனி ஸ்க்ரீன்ல வேலை செய்யாது. இன்னிக்கு வாங்கலன்னாலும் நாளைக்கு வாங்குவீங்கன்னா, அந்த ஸ்க்ரீன் மாடல் அத ஏத்துக்குமான்னு இப்பவே பாத்துக்கோங்க. போட்டிக்குப் போறவங்க விதிகளயும் படிங்க, அமெரிக்காவுல நடக்கற பாஸ் ப்ரோ டூர் போட்டில 2025 சீசனுக்கு ஒரு நாளோட மூணு பகுதில ஒண்ணுல மட்டும் தான் இத பயன்படுத்தலாம்னு கொண்டு வந்தாங்க.

ஜிபிஎஸ் பக்கம் வந்தா, துல்லியம் எல்லா நல்ல யூனிட்லயும் போதுமானது தான், வித்தியாசம் மேப்ல இருக்கு. நீங்க போற ஏரிக்கு ஒரு அடி இடைவெளில ஆழக்கோடு போட்ட மேப் எந்த கார்டுல இருக்குன்னு முதல்ல தேடுங்க, லேக்மாஸ்டர், நேவியானிக்ஸ், சி-மேப் இப்படி ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஏரி நல்லா இருக்கும், எந்த கார்டு எந்த யூனிட்ல ஓடும்னும் பாருங்க. மேப்பே இல்லாத ஏரின்னா நாமளே ஓட்டி வரையற வசதி வேணும், கார்மின்ல குவிக்ட்ரா, ஹம்மின்பேர்ட்ல ஆட்டோசார்ட் லைவ். நீர்த்தேக்கத்துல தண்ணி ஏறி இறங்கும், அதனால மட்டம் எத்தன அடி கம்மின்னு குடுத்து ஆழத்த சரி பண்ற வசதி இருந்தா விடாதீங்க.

பலர் கவனிக்காத ஒண்ணு, போட் நின்னுட்டா எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு ஜிபிஎஸ்ஸுக்கு தெரியாது, அது நகர்றத வச்சு தான் திசைய கணக்குப் போடுது. மேப்ல போட் படம் சுத்திக்கிட்டே இருக்கறது இதனால தான். ஹெடிங் சென்சார் (போட் எந்தத் திசைய பாக்குதுன்னு சொல்ற கருவி) போட்டா தீந்துச்சு. அதே மாதிரி ஆன்டெனா கன்சோல்லயும் ட்ரான்ஸ்டியூசர் ட்ரோலிங் மோட்டார்லயும் இருந்தா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பல அடி தூரம் அப்படியே வேபாயிண்ட்ல தப்பா ஏறிடும். ஒரு மரக்கட்டைய குறி வச்சு வீசறவங்களுக்கு அது பெரிய தூரம், அதனால முன்பக்க யூனிட் தன்னோட ஜிபிஎஸ்ஸ தானே பயன்படுத்தட்டும்.

இப்ப ஸ்க்ரீன். மேப்பு, சோனார், சைடு எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாக்கணும்னா 9 இன்ச்சுக்கு கீழ கஷ்டம். முன்பக்கத்துல நின்னுக்கிட்டு கால்கிட்ட இருக்கறத பாக்கறோம், கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் தூரம் ஜாஸ்தி, அதனால அங்க முடிஞ்சா இன்னும் பெருசு. கடைல போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கிட்டு தலைய சாச்சுப் பாருங்க, சில ஸ்க்ரீன் இருண்டு போகும். டெமோ மோட்ல ஓடற அழகான படத்த வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அது பதிவு பண்ணி வச்ச படம். டச் மட்டும் இருக்கறத விட பட்டனும் சேந்து இருக்கறது நல்லது, அலைல குதிச்சுக்கிட்டு ஈர விரலால டச் பண்றது சரியா வராது.

ரெண்டு யூனிட்டும் ஒரே கம்பெனியா எடுத்து ஈதர்நெட் கேபிள்ல இணைங்க, கன்சோல்ல குறிச்ச வேபாயிண்ட் முன்பக்கத்துல தானா தெரியும். அதுக்கும் முன்னாடி உங்க ட்ரோலிங் மோட்டார் என்னன்னு பாருங்க, மின் கோட்டா (Minn Kota) கம்பெனியோடதுன்னா ஹம்மின்பேர்டோட நல்லா பேசும், ரெண்டும் ஒரே தாய் கம்பெனி. ஸ்க்ரீன்ல வேபாயிண்ட தொட்டா மோட்டார் தானா அங்க கொண்டு போய் நிறுத்தற வசதி அப்ப தான் முழுசா கிடைக்கும்.

இஞ்சின் ஸ்டார்ட் பண்ற பேட்டரிலயே யூனிட்டயும் மாட்டினா, சாவி திருப்பற நேரம் வோல்டேஜ் விழுந்து ஸ்க்ரீன் அணைஞ்சு மறுபடி ஆன் ஆகும், லைவ் சோனாரும் சேந்தா நாள் முடியறப்போ இஞ்சினே ஸ்டார்ட் ஆகாம போகலாம். எலக்ட்ரானிக்ஸுக்குன்னு தனி பேட்டரி வைங்க, தடிமனான ஒயர நேரா பேட்டரிலேர்ந்து ஃபியூஸோட இழுங்க, ட்ரோலிங் மோட்டார் ஒயர் கூட கட்டாதீங்க, ஸ்க்ரீன்ல கோடு கோடா இரைச்சல் வரும்.

ஒண்ணு தான் வாங்க முடியும்னா, கரையோரமா அடிக்கறவங்க முன்பக்கத்துக்கு எடுங்க, ஏரி நடுவுல ஆழமான சரிவு தேடறவங்க கன்சோலுக்கு சைடு இமேஜிங்கோட எடுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ள ட்ரான்ஸ்டியூசர் இருக்கா, இருந்தா எந்த ட்ரான்ஸ்டியூசர்னு கேளுங்க, ஒரே மாடல் அது இல்லாமலும் விக்கறாங்க. கேபிள் நீளத்தயும் அளந்து பாத்துட்டு போங்க.