கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்காமல் பாடுவது எப்படி?

ஆறாம் மாதத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, பிரசவத்தை நினைத்துப் பயந்துகொண்டு கிடப்பேன். சின்ன வயதில் கற்ற பாட்டையாவது தூசி தட்டலாம் என்று உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே மூச்சு வாங்கி, இதுகூட முடியவில்லையே என்று அழுகைதான் வந்தது. அதை எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதுகிறேன்.

முதலில், சம்மணம் போட வேண்டாம், வயிறு இடிக்கும். நாற்காலி நுனியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்துப் பாடாதீர்கள். கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றலாம்.

அடுத்தது சுருதியும் மூச்சும். நான் இடறியது இங்கேதான். வழக்கமான ஐந்து கட்டையிலேயே (கட்டை என்பது சுருதியின் உயர அளவு, எண் கூடினால் குரலும் மேலே போகும்) ஆரம்பித்தேன், போதாததற்கு 'வயிற்றிலிருந்து மூச்சு எடு' என்று பாட்டு டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வயிற்றோடு மல்லுக்கட்டினேன். கருப்பை வளர வளர உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற மூச்சுத் தசை) சுமார் 4 செ.மீ. வரை மேலே ஏறிவிடும், வயிற்றோடு மல்லுக்கட்டி என்ன பயன்? மூச்சைப் பக்கவாட்டில்தான் விரிக்க வேண்டும். இரண்டு கையையும் விலாவில் வையுங்கள்: மூச்சு இழுக்கும்போது கை வெளியே தள்ளப்பட்டால் சரி, தோள் ஏறினால் தப்பு. சுருதியை நாலு கட்டைக்கு, முடியாவிட்டால் மூன்றுக்கு இறக்குங்கள். வரியை எங்கே வேண்டுமானாலும் உடைத்து மூச்சு எடுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை. அடக்கி மட்டும் வைக்காதீர்கள்.

பாடும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் நீளம், விடும்போது இதயத்துடிப்பும் கொஞ்சம் தணியும். மனசு லேசாவது அதனால்தான். ஆகவே பாட்டே தெரியாதவர்கள் வாயை மூடி 'ம்ம்' என்று இழுத்தாலும் போதும்.

நான் பாடியது மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடம்), அதுவும் முதல் காலம், அதாவது மெதுவான வேகம் மட்டும். ராத்திரியில் தாலாட்டு ராகமான நீலாம்பரி, இல்லாவிட்டால் பாட்டி பாடிய ஆராரோ. சுருதிக்குச் செல்போனில் தம்புரா ஆப் இருந்தால் போதும். கரோக்கி வேண்டவே வேண்டாம், அது ஓடுகிற ஓட்டத்துக்கு நாம் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வயிற்றில் ஹெட்போன் வைப்பதும் வீண்வேலை. ஏழாம் மாதத்தில் உங்கள் குரல் உடம்பு வழியாகவே குழந்தைக்குக் கேட்கும்.

பின்சேர்க்கை: சாப்பிட்டதும் பாடினால் நெஞ்சு எரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான். ஒன்றரை மணி நேரமாவது விட்டுப் பாடுங்கள். வயிறு இறுகினால் நிறுத்திவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், விடாமல் இறுகினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, இரண்டு வாரமாக மனசு கனத்தே கிடந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள், பாட்டு அப்புறம்.

மாமியார் தூங்கும்போது எப்படிப் பாடுவது என்று கேட்டவருக்கு: நான் பாதி நாள் பாத்ரூமில் ஸ்டூல் போட்டுத்தான் பாடினேன். எதிரொலியில் குரல் இன்னும் நன்றாகவே இருந்தது.