செக்ரோலில் ஒரு கோடி வரி இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

இலங்கையின் அட்டன், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களின் செக்ரோலை, அதாவது ஆள்வாரியாக அன்றாட வேலையும் பறித்த கிலோவும் பதியும் பதிவேட்டை, கணினியில் ஏற்றிவிட்டீர்கள். நோர்முக்கு (ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவு) மேல் பறிக்கும் கிலோவுக்குக் காசு கூட்டினால் கொழுந்து எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி என்றால், இருபது தோட்டத்தின் பத்து வருடக் கணக்கு ஒரு கோடி வரியைத் தொடும்.

உடனே பிற்செலவுக்கு (regression, ஒரு மாறி கூட இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கோடு பொருத்திப் பார்க்கும் முறை) போகாதீர்கள். ஒரு தோட்டத்தின் ஒரு மாதக் கிலோக்களை வரைபடமாக்கிப் பாருங்கள். நோர்ம் 18 என்றால் சரியாக 18 கிலோவில் ஒரு குவியல் எழும்புகிறதா? எழும்பினால், பேர் விழுந்ததும் (முழுநாள் வேலை பதிவானதும்) கையை நிறுத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மேலதிகக் காசு அவர்களுக்கும் அரைப்பேரோடு (அரைநாள் கணக்கோடு) வீடு போகிறவர்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதனால் எல்லோரையும் ஒரே நேர்கோட்டில் பொருத்த வேண்டாம். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த நிறையா, கழிக்காத நிறையா என்பதையும் தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நினைவகம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை நீக்க 5000 தொழிலாளருக்கும் தனித்தனிப் போலி மாறி (அந்த ஆளின் வரிக்கு 1, மற்றவற்றுக்கு 0) போட்டால் ஒரு கோடி வரிக்கு 400 ஜிகாபைட் வேண்டும். தேவையே இல்லை. ஒவ்வொருவரின் கிலோவிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழியுங்கள், காசு வீதத்திலும் அப்படியே. பொருளியலாளர்கள் பிரிஷ், வோ இருவரும் 1933இல் காட்டிய வழியில் அதே விடைதான் வரும். ஆளோடு மாதத்தையும் நீக்க வேண்டுமென்றால் ஒரு தடவை கழித்தால் போதாது, எண்கள் அசையாமல் நிற்கும்வரை மாறி மாறிக் கழிக்க வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியின் பிக்ஸெஸ்ட் (fixest) பொதி இதைப் பார்த்துக்கொள்ளும்.

நியம வழுவில்தான் (standard error, மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) நிறையப் பேர் தவறுகிறார்கள். கிலோவுக்கான காசைத் தோட்டம்தான் மாற்றுகிறது, ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஆகவே உங்களிடம் உண்மையில் இருப்பது இருபது தோட்டம்தான், ஒரு கோடி அல்ல. ஒரு தோட்டத்தின் வரிகளை எல்லாம் ஒரே கொத்தாக எண்ணி நியம வழுவைக் கணக்கிடுங்கள், இருபது கொத்து குறைவு என்பதால் வைல்ட் பூட்ஸ்ட்ராப்பையும் (எச்சங்களின் குறியைக் கொத்துக் கொத்தாகத் தற்செயலாக மாற்றித் திரும்பத் திரும்ப மதிப்பிடும் முறை) ஓட்டுங்கள்.

2021ஐத் தனியாகக் கவனியுங்கள். மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது, மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. சம்பள உயர்வு எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றாக வந்ததால் மாத விளைவு (மேலே மாதத்தை நீக்கக் கழித்தது) அதை முழுசாக விழுங்கிவிடும், அதன் பலனை இந்தத் தரவில் பிரித்தெடுக்க முடியாது. உரமோ கையிருப்பைப் பொறுத்து ஒவ்வொரு தோட்டத்தையும் வேறு வேறாக அடித்திருக்கலாம், அதை மாத விளைவு பிடிக்காது. 2021, 2022 இரண்டையும் விட்டுவிட்டு ஒரு தடவை மதிப்பிடுங்கள். விடை பெரிதாக நகர்ந்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.