கிட்டார் தந்தி அடிக்கடி அறுந்தால்

பெரும்பாலும் முதலில் அறுவது மிக மெல்லிய முதல் தந்தியே; அது எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். எப்போதும் சேடில் (கிட்டாரின் உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) அருகிலேயே அறுந்தால், அங்குள்ள கூர்விளிம்பை 600 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மழுக்க வேண்டும். சுருதி ஏற்றும்போது ‘டிக்’கென்று ஒலி கேட்டால், தந்தி நட்டின் (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது, அங்கே பென்சில் கரியைத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதுத் தந்தி இழுபட்டு அடங்கும்வரை சுருதி இறங்கத்தான் செய்யும், அதற்காகக் கடைக்காரரை நோவதில் பயனில்லை. ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்க்கவும்; சுருதி அளவுக்கு மேல் ஏறிவிட்டால், வேண்டிய அளவுக்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றியே நிறுத்தவும்.

இத்தனைக்கும் பிறகு அறுந்தால், குறை பெரும்பாலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்கும் கையில்தான். பிக்கின் நுனி சில மில்லிமீட்டர் மட்டுமே வெளியே தெரியுமாறு பிடித்து, முழங்கையை விறைக்காமல் மணிக்கட்டை அசைத்து, தந்தியைச் சற்றுச் சாய்வாக உரசிச் செல்லுங்கள்.