அமெரிக்கன் கல்லூரியைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் மகாலுக்குப் போங்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், நேரமிருந்தால் அழகர்கோயில் என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்தை ஒட்டித் தல்லாகுளத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. உள்ளே போகலாமா, யாரிடம் கேட்பது, போனால் எதைப் பார்ப்பது என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் கட்டட மேற்பார்வை வேலை பார்ப்பவன். என் அப்பா சுண்ணாம்பு வேலையில் பேர் எடுத்த கொத்தனார். அதனால் ஒரு கட்டடக்காரன் கண்ணுக்கு எது படுமோ அதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் மகாலைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தாலும் இன்னொரு தடவை போங்கள். காரணம் இருக்கிறது. மகால் 1636இல் கட்டப்பட்டது. அதன் பெருந்தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பியவை. நம்ம ஊர் கொத்து வேலையும் வடக்கேயிருந்து வந்த வளைவும் குவிமாடமும் அங்கே ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. இருநூறு வருஷம் கழித்து அது இடிந்து கிடந்தபோது, சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையைப் பார்த்தவர் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். நம்ம ஊர்க் கட்டடக் கலையோடு இஸ்லாமிய வளைவையும் குவிமாடத்தையும் கலக்கிற, இன்றைக்கு 'இந்தோ சாரசெனிக்' என்று எல்லோரும் சொல்கிற பாணி சென்னையில் வேர்விட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பிறகு மாகாண அரசின் கட்டடக் கலைஞராக வந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டி முடித்ததிலும் மைசூர் அரண்மனையிலும் இர்வினின் கை இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரியின் மெயின் ஹாலை வடிவமைத்தவரும் அதே இர்வின்தான்.

மகாலைப் பழுதுபார்த்த காலத்தில் சிஷோம் கற்றதெல்லாம் சென்னையில் வளர்ந்து, ஒரு தலைமுறை கழித்து வைகையைத் தாண்டித் தல்லாகுளத்துக்கே திரும்பி வந்ததாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். மகாலின் வளைவுகளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு அன்றைக்கே கல்லூரிக்குப் போனால் அந்த உறவு தன்னால் தெரியும். கல்லூரியை மட்டும் தனியாகப் பார்த்தால், 'அட, அழகான சிவப்புக் கட்டடம்' என்பதோடு மனசு நின்றுவிடும்.

மகாலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு காலையிலேயே நுழைந்துவிடுங்கள். முற்றத்தில் இறங்கி நடுவில் நின்று ஒரு சுற்று பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், அதன் தலையிலிருந்து வளைவு எந்த இடத்தில் புறப்படுகிறது, உச்சியில் இரண்டு பக்கமும் எப்படிச் சேர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் போதும். மகாலிலிருந்து கீழவாசல், நெல்பேட்டை வழியாக வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம். ஆட்டோவில் ஏறி 'அமெரிக்கன் காலேஜ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரியார் பஸ் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்தும் கோரிப்பாளையம் வழியாகப் போகும் டவுன் பஸ்கள் நிறைய உண்டு. கோரிப்பாளையத்தில் எப்போதும் நெரிசல்தான். சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.

எந்த நாள் போகலாம் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது வகுப்பு நடக்கிற இடம். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு நடக்கும் நாட்களில் போய் நின்று வாசலில் இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் வேறொரு சிக்கல். அழகர் மலையிலிருந்து இறங்கி வந்ததும், மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடப்பது தல்லாகுளம் பக்கம்தான். அங்குள்ள பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுத்தான் வைகையில் இறங்குவார். அந்த நாட்களில் தல்லாகுளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அழகரைப் பார்க்க வேண்டுமானால் அப்போது வாருங்கள். கல்லூரியைப் பார்க்க வேறு நாள் வாருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். மதுரை வெயிலில் மே மாதம் கட்டடம் பார்ப்பது உடம்புக்கு ஆகாது.

வாசலில் அனுமதி கேட்பதற்குத்தான் பலரும் தயங்குகிறார்கள். சிறந்த வழி, முன்கூட்டியே முதல்வர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவது. எத்தனை பேர் வருகிறோம், எந்த நாள், எதற்காக என்று நான்கு வரி போதும். இல்லையென்றால், அங்கே படித்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மதுரையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு பழைய மாணவர் கிடைப்பார். அவருக்கும் தான் படித்த இடத்தைக் காட்டுவதில் சந்தோஷம்தான். இரண்டும் முடியாமல் நேரே போய் நின்றால், பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"யாரைப் பார்க்கணும்?"

"குறிப்பா யாரையும் இல்லண்ணே. பழைய கட்டடங்களைப் பார்க்கலாம்னு வந்தோம். திண்டுக்கல்லேருந்து வர்றோம். ஆபீஸ்ல கேட்டுச் சொல்றீங்களா?"

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் நிற்கும் அண்ணன் தானாக எடுக்கும் முடிவு இல்லை. அலுவலகத்தில் கேட்கச் சொன்னால் அவருக்கும் சிரமம் இல்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். நோட்டில் பேர், நேரம், செல் நம்பர் எழுதச் சொன்னால் முகம் சுளிக்காமல் எழுதுங்கள். 'இன்னைக்கு முடியாதுங்க' என்று சொன்னால் 'சரிண்ணே, எப்ப வந்தா சௌகரியம்?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். வாசலில் நின்று வாக்குவாதம் செய்தால் அடுத்து வருகிறவருக்கும் கதவு அடைபடும். உடை விஷயத்தில், நம் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்போமோ அப்படி இருந்தால் போதும்.

உள்ளே போனதும் வேகமாக நடக்காதீர்கள். மெயின் ஹாலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நின்று முழுக் கட்டடத்தையும் ஒரே பார்வையில் வாங்குங்கள். மகாலில் பார்த்த வளைவு இங்கே சின்னதாகி, வரிசை கட்டி நிற்கிறது. அங்கே அரசன் கொலுவிருக்க எழுந்த அளவு; இங்கே மாணவன் புத்தகத்தோடு நடந்து போவதற்கான அளவு. அதை உணர்ந்துகொண்டு வராந்தாவுக்குள் வாருங்கள். ஏப்ரல் நடுப்பகலிலும் இந்தக் காலத்துக் கட்டடங்களின் உள்சுவர் சுடாது. வெயில் நேராக வராந்தாவின் வெளி விளிம்பில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். தடிமனான சுவர், உயரமான கூரை, எதிரெதிரே திறக்கும் கதவுகள் என்று எல்லாமே மின்விசிறி பரவாத காலத்தில் யோசித்துச் செய்தவை. இன்றைக்கு மதுரையில் எழும்புகிற கல்லூரிக் கட்டடங்கள் பலவற்றில் இதில் பாதி அக்கறைகூட இல்லை என்பது என் ஆதங்கம்.

அப்புறம் செங்கல்லுக்கு வாருங்கள். பழைய செங்கல் சுவரை எங்கே பார்த்தாலும் என் அப்பா முதலில் பார்ப்பது செங்கல்லை அல்ல, இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்தை. அவர் சொல்லிக்கொடுத்தபடி நீங்களும் பாருங்கள். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறவிட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சாந்து, காய்ந்த பிறகு பழுப்பு கலந்த வெண்மையாக இருக்கும். அதில் அங்கங்கே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முழுசாக அரைபடாத சுண்ணாம்பு அது. சாம்பல் நிறத்தில் இறுக்கமாக ஒரு கோடு தெரிந்தால் அது பின்னால் வந்த சிமெண்ட் ஒட்டு. பழைய செங்கல்லுக்குச் சிமெண்ட் ஆகாது. சுவர் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே மூச்சு விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். வழி இல்லாத ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கூடவே உப்பும் வரும். கொஞ்ச வருஷத்தில் செங்கல்லின் முகம் மாவாக உதிர ஆரம்பிக்கும். நம் ஊர் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான் கெட்டுப் போயின. எந்த ஊரில் பழைய கட்டடம் பார்க்கப் போனாலும் இந்த ஒரு பார்வை உதவும். கண்ணால் மட்டும் பாருங்கள். நகத்தால் கீறிப் பார்ப்பதோ பேர் எழுதுவதோ கூடவே கூடாது.

தலைக்கு மேலேயும் பாருங்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் தேக்கு விட்டங்களுக்குக் குறுக்கே சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இறுக்கிய கூரையைப் பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸ் என்போம். இப்போது அதைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள்.

டேனியல் பூவர் நினைவு நூலகத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளே போக அனுமதி கிடைக்காவிட்டாலும், அந்தப் பேருக்கு உரியவர் யார் என்று தெரிந்துகொண்டு அதன் முன்னால் நில்லுங்கள். டேனியல் பூவர் 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி. 1823இல் அங்கே வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பிறகு 1830களில் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் இருந்து இங்கே பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டு, மறுபடி யாழ்ப்பாணத்துக்கே போய் 1855இல் காலரா கண்டு இறந்தார். வட்டுக்கோட்டையில் படித்தவர்தான் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச்சுவடியில் கிடந்த கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்த அவருடைய படிப்புக்கும், மதுரையில் நிற்கும் இந்த நூலகத்தின் பேருக்கும் இப்படி ஒரு தொடர்பு. தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மனசு நெகிழாமல் இருக்காது.

கல்லூரி தொடங்கியது 1881இல், திருப்பரங்குன்றம் போகும் வழியில் இருக்கும் பசுமலையில். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் அங்கே நடத்திய செமினரியிலிருந்து கிளைத்தது அது. முதல் முதல்வர் வாஷ்பர்ன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சும்ப்ரோ முதல்வராக இருந்தபோது தல்லாகுளத்துக்கு இடம் மாறியது. இருவர் பேரிலும் வளாகத்தில் விடுதிகள் உண்டு. பட்டிமன்றத்தில் நாம் எல்லோரும் கேட்டு மகிழ்ந்த சாலமன் பாப்பையா தமிழ்ப் பேராசிரியராக இருந்த கல்லூரியும் இதுதான். பிங்ஹாம்டன் ஹால் வழிபாட்டுக்குரிய இடம். உள்ளே அனுமதித்தால் செல்போனை அணைத்துவிட்டு, மற்றவர்கள் செருப்பை எங்கே விடுகிறார்கள் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள்.

படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டடத்தை எடுக்கச் சரி என்றாலும், மாணவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, பாடம் நடக்கும்போது வராந்தாவில் சத்தமாகப் பேசுவது இரண்டும் வேண்டாம். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் 'தம்பி, இந்தக் கட்டடம் எந்த டிபார்ட்மென்ட்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதற்கு மேலேயே சொல்வார்கள். மொத்தத்தில் ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். கூட்டமாக வந்தால் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்பேன்.

வெளியே வந்த பிறகு தமுக்கம் பக்கம் போய் காந்தி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். அது ராணி மங்கம்மாளின் பெயரோடு பேசப்படும் நாயக்கர் காலத்து அரண்மனை. 1959இல் அருங்காட்சியகம் ஆனது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருப்பதால் எல்லோரும் அதை நோக்கியே நடப்பார்கள். நீங்கள் அதைப் பார்த்து வணங்கிவிட்டு, வளைவுகளையும் பாருங்கள்; காலையில் மகால், அப்புறம் கல்லூரி, இப்போது தமுக்கம் என்று மூன்றும் ஒரே நாளில் கண்ணுக்குள் இருக்கும். சாயங்காலம் இன்னும் தெம்பு இருந்தால் பெரியார் நிலையத்துக்குப் போய் திருப்பரங்குன்றம் பஸ் ஏறி, பசுமலையில் இறங்குங்கள். கல்லூரி பிறந்த இடம் அது. அங்கே இன்றும் பள்ளிக்கூடம் நடக்கிறது, அதனால் அங்கேயும் வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.